பயந்த பிள்ளைக்கு மூளை ஸ்கேன் எடுக்கணுமா? தஞ்சை, திருவாரூர் பக்கம் இருப்பவர்கள் சொல்லுங்கள்

வெண்ணாற்றங்கரை | ஆகஸ்ட் 8, இரவு 9:50

வணக்கம். எங்களுக்கு அம்மாபேட்டை பக்கம் கிராமம். மகள் நாலாவது படிக்கிறாள், ஒன்பது வயசு. வீட்டில் வாய் ஓயாது. பள்ளிக்கூடத்தில் ஒரு வார்த்தை கிடையாது. டீச்சர் கேட்டால் தலையைக் குனிந்துகொள்வாள். பாத்ரூம் போகணும் என்றுகூடச் சொல்லமாட்டாள், அடக்கிக்கொண்டே இருந்துவிட்டு வீட்டுக்கு ஓடி வருவாள். ஒன்றாவதிலிருந்தே இப்படித்தான். வளர வளரச் சரியாகும் என்று இருந்தோம். இந்த ஜூனில் பள்ளி திறந்ததிலிருந்து காலையில் வயிற்றுவலி வேறு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வலி வராது. குழந்தை டாக்டர் பார்த்துவிட்டு வயிற்றில் ஒன்றுமில்லை, மனசு சம்பந்தமாகக் காட்டுங்கள் என்றார்.

டவுனில் ஒரு தனியார் சென்டருக்குப் போனோம். ஒயர் வைத்த தொப்பியைத் தலையில் மாட்டி 'பிரெய்ன் மேப்பிங்' எடுக்கணுமாம், மூளையில் எங்கே பயம் இருக்கிறது என்று கலர் கலராகத் தெரியுமாம், அதைப் பார்த்த பிறகுதான் தெரபியாம். அவர்கள் சொன்ன தொகை எங்களுக்கு ஒரு போகத்து உரச்செலவு. அதே வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி: அமெரிக்காவில் பயந்த பிள்ளைகளுக்கு ஸ்கேன் எடுத்து, தெரபி கொடுத்து, மறுபடி எடுத்துப் பார்த்தால் மூளையே மாறியிருக்கிறதாம். மாமியார், 'பயந்த கோளாறுதான், மந்திரிச்சுப் பாடம் போட்டா சரியாயிடும்' என்கிறார். வீட்டுக்காரர் சிங்கப்பூரில். 'செலவைப் பார்க்காதே, ஸ்கேனை எடுத்துடு' என்று போனில் சொல்கிறார்.

ஸ்கேன் வேண்டுமா? தெரபி என்றால் என்னதான் செய்வார்கள்? மருந்து கொடுத்துத் தூங்க வைத்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

குறுவை62 | ஆகஸ்ட் 8, இரவு 10:20

அம்மாடி, ஒரு தொப்பிக்கு ஒரு போகம் உரத்தையா கொடுப்பீங்க? எங்க காலத்துல வாத்தியாரு பெரம்பை எடுத்தா வகுப்பு மொத்தத்துக்கும் வயித்தைக் கலக்கும். யாரு ஸ்கேன் எடுத்தா? நாலு பிள்ளைங்களோட வாய்க்கால்ல குதிக்க விடுங்க, தன்னால வாய் திறக்கும். மாமியார் சொல்றதையும் தட்டாதீங்க. எங்க பெரிய பொண்ணு பயந்து கெடந்தப்ப முத்துப்பேட்டை தர்காவுக்குத்தான் கூட்டிப் போனோம். நாகூர்லயும் மந்திரிச்சு தண்ணி தருவாங்க. காசு பணம் கேக்கமாட்டாங்க.

பாமணியாறு | ஆகஸ்ட் 8, இரவு 11:35

மன்னார்குடிக்காரன். பெங்களூரில் மூளை பற்றி ஆராய்ச்சி செய்யும் மாணவன். டாக்டர் இல்லை.

அக்கா, வாட்ஸ்அப்பில் வந்தது பொய்யில்லை. ஆனால் அதை வைத்து அந்த சென்டர் சொல்வதை நம்ப முடியாது. 2024 தொடக்கத்தில் அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனம் வெளியிட்ட ஆய்வு அது. பதற்றக் கோளாறு என்று முறையாகக் கண்டறியப்பட்ட, மருந்து எதுவும் எடுக்காத 69 பிள்ளைகள். 12 வாரம் சிபிடி கொடுத்தார்கள், அதாவது எண்ணத்தையும் நடத்தையையும் பழக்கி மாற்றும் பேச்சு சிகிச்சை. சிகிச்சைக்கு முன்பும் பின்பும் எஃப்எம்ஆர்ஐ, அதாவது மூளையில் எந்தப் பகுதி கூடுதலாக வேலை செய்கிறது என்று பார்க்கும் ஸ்கேன். பதற்றம் இல்லாத பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள்.

ஸ்கேனருக்குள் பிள்ளை செய்யும் வேலை மிகச் சின்னது. திரையில் இரண்டு முகம் வரும், ஒன்று கோபமாக, ஒன்று சாதாரணமாக. இரண்டும் மறைந்ததும் ஒன்று இருந்த இடத்தில் ஒரு குறி வரும். பிள்ளை பட்டனை அழுத்த வேண்டும். அவ்வளவுதான். அந்த அற்ப வேலைக்கே பதற்றமுள்ள பிள்ளைகளின் மூளை அதிகமாக உழைத்தது. அமிக்டலா என்கிற, ஆபத்தை மோப்பம் பிடிக்கும் பகுதி மட்டுமில்லை. கவனத்தைத் திருப்பிக் கட்டுக்குள் வைக்கும் நெற்றிப் பகுதி, உச்சந்தலைக்குச் சற்றுப் பின்னால் இருக்கும் பகுதி எல்லாமே கூடுதலாக வேலை செய்தன. 12 வாரம் கழித்துப் பார்த்தபோது நெற்றிப் பக்கமும் உச்சிப் பக்கமும் மற்ற பிள்ளைகள் அளவுக்கு இறங்கியிருந்தன, சில இடங்களில் அதற்கும் கீழே. பதற்றக் கோளாறு இன்னும் வராத, ஆனால் சுபாவத்திலேயே கூச்சமும் தயக்கமும் மிகுந்த 87 பிள்ளைகளையும் தனியாகப் பார்த்தார்கள். அவர்களிடமும் அந்தக் கூடுதல் உழைப்பு தெரிந்தது.

வாட்ஸ்அப்காரர்கள் விட்டுவிட்ட பாதி ஒன்று இருக்கிறது. எட்டு இடங்களில் வேகம் இறங்கவே இல்லை. வலப்பக்க அமிக்டலா அதில் ஒன்று. பிள்ளைகள் தேறினார்கள், ஆனால் மோப்பம் பிடிக்கிற இடம் பழையபடியே இருந்தது. எனக்கு இந்த ஆய்வில் பிடித்ததே அதுதான்.

இப்போது ஸ்கேன் விஷயம். அந்தக் கலர் படம் ஒரு பிள்ளையின் படம் இல்லை, பலரின் சராசரி. எஃப்எம்ஆர்ஐ எண்ணத்தைப் படம் பிடிப்பதில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் எங்கே கூடுகிறது என்று பார்க்கிறது, அதுவும் சில விநாடி பிந்தித்தான் தெரியும். பிள்ளை தலையைக் கொஞ்சம் அசைத்தாலே கணக்கு கெட்டுவிடும். சராசரியில் தெரிகிற வித்தியாசத்தை வைத்து, எதிரே உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளைக்குப் பதற்றக் கோளாறு உண்டா இல்லையா என்று சொல்ல முடியாது. பயந்த பிள்ளையின் அளவும் பயமில்லாத பிள்ளையின் அளவும் அவ்வளவு தூரம் கலந்து கிடக்கும்.

சென்டர்காரர்கள் மாட்டுகிற தொப்பி எஃப்எம்ஆர்ஐயே இல்லை, இஇஜி, அதாவது தலையில் ஒயர் வைத்து மூளையின் மின் அலைகளைப் பதிவது. வலிப்பு இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் இஇஜி அவசியம், அது வேறு. தப்பாகப் பட்டனை அழுத்திவிட்ட அடுத்த கணமே மூளையில் எழும் ஒரு மின் அலை, பதற்றமுள்ள பிள்ளைகளிடம் பெரிதாக இருக்கிறது என்று இஇஜியிலும் ஆய்வுகள் உண்டு. சுவாரஸ்யமான விஷயம். ஆனால் அதுவும் ஆய்வுக்கூடத்தோடு சரி, வியாதியைக் கண்டுபிடிக்கும் டெஸ்ட் ஆகவில்லை. உங்கள் பிள்ளைக்கு என்ன என்பது உங்களிடமும் டீச்சரிடமும் அவளிடமும் பேசித்தான் தெரியும். காசைக் கொடுக்காதீர்கள்.

சந்தேகம்தான் | ஆகஸ்ட் 9, காலை 6:40

பாமணியாறு, நல்ல விளக்கம். ஆனால் அந்த ஆய்வையும் ரொம்பத் தூக்காதீர்கள். பதற்றம் உள்ள, ஆனால் தெரபி கிடைக்காத பிள்ளைகள் என்று ஒரு குழு அதில் இல்லை. முதல் தடவை அந்தக் குழாய்க்குள் போகும்போது, அந்தச் சத்தத்துக்கு, பயந்த பிள்ளை கூடுதலாகத்தான் பயப்படும். இரண்டாவது தடவை பழகியிருக்கும். மூளை இறங்கியது தெரபியாலா, ஸ்கேனருக்குப் பழகியதாலா, மூன்று மாதம் ஓடியதாலா?

பாமணியாறு | ஆகஸ்ட் 9, காலை 8:05

நியாயமான கேள்வி. அந்த ஒரு ஆய்வை மட்டும் வைத்து தெரபியால்தான் என்று அறுதியிட முடியாது. தெரபி வேலை செய்கிறதா என்பதற்கு ஸ்கேன் சாட்சி தேவையும் இல்லை, அதற்கு வேறு ஆய்வுகள் இருக்கின்றன. ஸ்கேன் ஆய்வு கேட்கும் கேள்வி வேறு: தேறிய பிள்ளையிடம் எது மாறுகிறது, எது மாறாமல் நிற்கிறது. ஸ்கேனருக்குப் பழகியதுதான் காரணம் என்றால், அமிக்டலாதானே முதலில் அடங்கியிருக்க வேண்டும்?

சந்தேகம்தான் | ஆகஸ்ட் 9, காலை 8:20

அது ஒரு பாயிண்ட். ஆனாலும் பேர் மாற்றமாட்டேன்.

வார்டு சிஸ்டர் | ஆகஸ்ட் 9, மதியம் 3:15

டெல்டாவில் ஓர் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் வேலை. இப்பத்தான் டியூட்டி முடிஞ்சுது, அதான் லேட்.

வீட்டில் பேசி, பள்ளியில் பேசாம இருக்கிறது தனியா ஒரு வகை. பதற்றக் கோளாறுகளில் ஒண்ணு. திமிர் இல்லை, ஊமைத்தனம் இல்லை, பேசவே வராதுன்னும் இல்லை. அந்த இடத்தில் தொண்டை அடைச்சுக்கும். புதுசா பள்ளி சேர்ந்த முதல் மாசம் எல்லாப் பிள்ளையும் கொஞ்சம் அப்படி இருக்கும், அதைக் கணக்கில் எடுக்கமாட்டோம். வருஷக்கணக்காப் போனா கண்டிப்பா டாக்டர்கிட்ட காட்டணும். காது நல்லா கேக்குதான்னும் ஒரு தடவை பார்த்துடுவாங்க.

மருந்து பத்திப் பயப்படாதீங்க, எடுத்தவுடனே கொடுக்கவும் மாட்டாங்க. 2008-ல் அமெரிக்காவில் பெரிய ஆய்வு ஒண்ணு வந்தது. 7 வயசிலிருந்து 17 வரைக்கும் 488 பிள்ளைங்க. நாலு பிரிவு. 12 வாரம் கழிச்சு நல்லாத் தேறினவங்க: தெரபியும் செர்ட்ராலின் மாத்திரையும் சேர்த்துக் கொடுத்த பிரிவில் 100-க்கு 81 பேர், தெரபி மட்டும் 60, மாத்திரை மட்டும் 55, மருந்தே இல்லாத வெத்து மாத்திரை 24. சந்தேகம்தான் சார் கேட்ட ஒப்பீட்டுக் குழு இதில் இருக்கு. அதனால லேசா, நடுத்தரமா இருந்தா தெரபியில் ஆரம்பிக்கிறது. பிள்ளை பள்ளிக்கே போகாம படுத்துட்டா, சாப்பாடு தூக்கம் கெட்டா, தெரபி மட்டும் போதாதுன்னா டாக்டர் மாத்திரை சேர்ப்பார். தூக்க மாத்திரை கிடையாது. மெதுவா வேலை செய்யும், சில வாரம் ஆகும். ஆரம்பத்தில் பிள்ளை வழக்கத்துக்கு மாறா எரிச்சல் பட்டாலோ, உயிரை விட்டுடணும்னு பேசினாலோ உடனே வரணும். நீங்களா நிறுத்தவும் கூடாது. மெடிக்கல் ஷாப்பில் போய்க் கேட்டு வாங்குறதெல்லாம் வேண்டவே வேண்டாம்.

எங்கே போறதுன்னா, உங்களுக்குத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கம். திருவாரூர், நாகப்பட்டினம்னாலும் அங்கங்கே மருத்துவக் கல்லூரி இருக்கு. மாவட்ட மனநலத் திட்டத்து டாக்டர் தாலுகா ஆஸ்பத்திரிக்கு வர்ற நாள் உண்டு, உங்க ஆஸ்பத்திரியில் என்னிக்குன்னு கேட்டுக்கோங்க. ராத்திரி மனசு கேக்கலைன்னா 14416, டெலி மனஸ்ங்கிற அரசு மனநல உதவி எண், தமிழ்லயே பேசலாம், காசு இல்லை.

உண்மையையும் சொல்லிடறேன். ஓபியில் கூட்டம். வாராவாரம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து தெரபி கொடுக்க எல்லா இடத்திலும் ஆள் இல்லை. வழி சொல்லித் தருவாங்க, வீட்டிலும் பள்ளியிலும் செய்ய வேண்டியது நீங்கதான்.

முள்ளியாறு | ஆகஸ்ட் 9, இரவு 10:10

திருத்துறைப்பூண்டி பக்கம். சிஸ்டர் சொன்ன கடைசி வரியைப் பார்த்துத்தான் எழுதுறேன், ஏன்னா நாங்க அப்படித்தான் செஞ்சோம்.

2018 நவம்பர் 16 விடியக்காலையில் கஜா புயல் கரை ஏறினப்ப பையனுக்கு ஏழு வயசு. ஷீட்டுக் கூரை பறந்துச்சு, வாசல் தென்னை ரெண்டும் வீட்டு மேலயே சாஞ்சுச்சு. யாருக்கும் அடி இல்லை. வீடு கட்டிட்டோம், கன்னு வச்சுட்டோம், பையன் மட்டும் அந்த ராத்திரியிலயே நின்னுட்டான். காத்து அடிச்சா பீரோவுக்கும் சுவருக்கும் நடுவுல போய் உக்காருவான். ஃபேனை அஞ்சுல வைக்க விடமாட்டான். சாயங்காலம் ஆனா 'அப்பா, இன்னிக்குக் காத்து வருமா?'ன்னு ஆரம்பிப்பான். வராதுடான்னு சொல்வோம். அஞ்சு நிமிஷத்துல மறுபடி கேப்பான். நியூஸ்ல வானிலை வந்தா டிவியை நிறுத்துவோம். பள்ளிக்கூடத்துல மேகம் கட்டினா போன் வரும், போய்க் கூட்டி வருவோம்.

கவுன்சிலிங் பண்ண அம்மா முதல்ல பையன்கிட்ட பேசவே இல்லை, எங்ககிட்டதான் பேசினாங்க. 'வருமா'ன்னு கேட்டா வரும், வராதுன்னு எந்தப் பதிலும் சொல்லக் கூடாது. 'உனக்குப் பயமா இருக்குன்னு தெரியுது. நீ சமாளிச்சுடுவேன்னும் எனக்குத் தெரியும்.' இதை ஒரு தடவை சொல்லிட்டு வேற வேலையைப் பார்க்கணும். கேக்க லேசா இருக்கு. புள்ள அழுவுறப்ப வாயை மூடிட்டு இருக்கிறது எவ்வளவு கஷ்டம்னு செஞ்சு பாத்தாத்தான் தெரியும். எங்க அம்மா என்னைக் கல்நெஞ்சுக்காரன்னு ஏசிட்டாங்க.

அப்புறம்தான் படி. கடைசிப் படியில பையன் என்ன செய்யணும்னு அவனையே கேட்டு எழுதினாங்க. காத்து அடிக்கிற ராத்திரியில தன் பாயில தனியாப் படுக்கணும். அதுக்குக் கீழே ஒண்ணொண்ணா இறங்கி வந்தாங்க. போன்ல காத்துச் சத்தம் மெதுவா வச்சுக் கேக்கிறது. சத்தத்தைக் கூட்டிக் கேக்கிறது. ஃபேன் மூணு, நாலு, அஞ்சு. சாயங்காலக் காத்துல திண்ணையில என்னோட உக்காருறது. அடுத்து அவன் மட்டும் உக்காருறது, நான் உள்ளே. வானிலைச் செய்தி ஒரு நாளைக்கு ஒரே தடவை பார்க்கிறது, நிறுத்தாம. ஒவ்வொரு படியிலயும் பயம் எத்தனைன்னு பத்துக்கு மார்க் போடுவான். மார்க் இறங்கினாத்தான் அடுத்த படின்னு நான் நினைச்சேன். அந்த அம்மா இல்லைன்னாங்க. மார்க் எட்டுலயே நின்னாலும் அவன் அங்க உக்காந்திருந்தானா, அது போதும்னாங்க.

பெரியவர் தர்கா, தண்ணின்னு சொன்னார். அதுல எனக்கு ஒண்ணு சொல்லணும். எங்க பையனுக்கும் தாயத்து கட்டியிருந்தோம். நாளாக ஆக, கையில தாயத்து இருந்தாத்தான் வாசலைத் தாண்டுவான். ஒரு நாள் குளிக்கிறப்ப கழட்டி வச்சது காணோம், அன்னிக்குப் பள்ளிக்கூடமே இல்லை. கவுன்சிலிங் அம்மா தாயத்தைக் குறை சொல்லலை, கழட்டச் சொல்லவும் இல்லை. திண்ணைப் படி எல்லாம் முடிஞ்ச பிறகு, 'தாயத்தைச் சாமி மாடத்துல வச்சுட்டு உக்காருறியா?'ன்னு அவனையே கேட்டாங்க. அதையும் ஒரு படியா ஆக்கிட்டாங்க.

2020 நவம்பர்ல நிவர் புயல் வருதுன்னு சொன்னப்ப எங்க வயித்துல புளியைக் கரைச்சுது. பையன் அழுதான், தூங்கலை. ஆனா பீரோ பின்னாடி போகலை. இப்ப ஒன்பதாவது படிக்கிறான். காத்து அடிச்சா இன்னிக்கும் முகம் மாறும். எழுந்து போய் ஜன்னலைச் சாத்திட்டு வந்து படுத்துடுவான்.

பாமணியாறு | ஆகஸ்ட் 9, இரவு 11:20

அண்ணே, அந்த எட்டு மார்க் சமாச்சாரத்தைத்தான் நான் நேற்று சுற்றி வளைத்துச் சொல்ல வந்தேன். அமிக்டலா வாசலில் கட்டிப் போட்ட நாய் மாதிரி. தெரபி முடிந்த பிறகும் குரைக்கிறது. குரைத்த ஒவ்வொரு தடவையும் வீட்டில் இருப்பவர் தடியை எடுத்துக்கொண்டு வெளியே ஓடுவதுதான் நிற்கிறது. ஸ்கேனில் நெற்றிப் பக்கத்து உழைப்பு இறங்கியதை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

பயத்தை மூளை அழிப்பதில்லை, அதன் பக்கத்தில் புதிதாக ஒன்றைக் கற்று வைக்கிறது. காற்று அடித்தது, உட்கார்ந்திருந்தேன், ஒன்றும் ஆகவில்லை என்பதுதான் அந்தப் புதுப்பாடம். தாயத்து கையில் இருந்தால் மூளை அந்தப் பாடத்தைத் தாயத்தின் கணக்கில் எழுதிவிடும். அப்பா கூட உட்கார்ந்தால் அப்பா கணக்கில். அதனால்தான் துணைகளை ஒவ்வொன்றாக எடுக்கிறார்கள். புதுப்பாடம் கற்ற இடத்தோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால் திண்ணை, தெரு, பள்ளி என்று பல இடத்தில் பழக்க வேண்டும். ஒரே அறையில் வாரம் ஒரு மணி நேரம் பேசிவிட்டு வந்தால் போதாது.

இது புது வித்தையும் இல்லை. 1924-இலேயே மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர், முயலைக் கண்டால் அலறும் பீட்டர் என்ற சின்னப் பையனிடம் தினமும் முயல் கூண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவந்து, பக்கத்தில் அவனுக்குப் பிடித்த தின்பண்டத்தையும் வைத்து, கடைசியில் முயலைத் தடவிக்கொடுக்க வைத்தார். எஃப்எம்ஆர்ஐ வந்தது 1990-களில். வைத்தியம் முதலில், படம் பிறகு.

சந்தேகம்தான் | ஆகஸ்ட் 10, காலை 7:00

முள்ளியாறு, பையன் தேறியதில் சந்தோஷம். ஒரு சின்னத் திருத்தம். கூரை பறந்ததைக் கண்ணால் பார்த்த பிள்ளையின் பயமும், காரணமே இல்லாமல் வகுப்பில் தொண்டை அடைக்கிற பிள்ளையின் பயமும் ஒன்றா? கஜா பயம் அனுபவத்தில் வந்தது. 2004 பள்ளித் தீ விபத்துக்குப் பிறகு கும்பகோணத்தில் எங்கள் அக்கா தன் பையனைக் கீற்றுக் கொட்டகை இருக்கிற எந்த இடத்துக்கும் விடமாட்டார். 94 பிள்ளைகள் போன ஊரில் அதைக் கோளாறு என்று எவன் சொல்வான்?

வார்டு சிஸ்டர் | ஆகஸ்ட் 10, மதியம் 2:40

ஒண்ணு இல்லை சார். பேரிடருக்குப் பிறகு வர்ற பயத்துக்குத் தனியா முறை இருக்கு. நடந்ததை வாயால சொல்ல வைக்கிறது, வரைய வைக்கிறது எல்லாம் அதில் வரும். 2004 சுனாமிக்குப் பிறகு பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரிக்காரங்க நம்ம கடற்கரையில வந்து உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்தது அந்த மாதிரி வேலைக்குத்தான். ஆனா ஒதுங்க ஒதுங்கப் பயம் பெருக்கும், படிப்படியா நெருங்கினா சமாளிக்க வரும்ங்கிறது ரெண்டுக்கும் பொது.

உங்க அக்கா பயப்பட்டதுக்குக் காரணம் இருந்துச்சு. பயத்துக்குக் காரணம் இருக்கான்னு நாங்க அளக்கிறதில்லை. அந்தப் பயம் பிள்ளையோட படிப்பை, சாப்பாட்டை, விளையாட்டைப் பிடுங்குதான்னுதான் பார்ப்போம்.

வெண்ணாற்றங்கரை | ஆகஸ்ட் 10, இரவு 9:15

எல்லோருக்கும் நன்றி. தொப்பி வேண்டாம் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். முள்ளியாறு அண்ணன் எழுதியதை மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன். 'கல்நெஞ்சுக்காரன்தான்' என்றார்.

எங்கள் வீட்டில் நடப்பது இது. யார் வந்து அவளிடம் பேர் கேட்டாலும் அவள் வாய் திறக்கும் முன் மாமியார் சொல்லிவிடுவார். மதியம் பள்ளியில் சாப்பிடமாட்டாள் என்று நான் போய் மரத்தடியில் வைத்து ஊட்டிவிட்டு வருவேன். பாத்ரூம் போக டீச்சரிடம் அவளுக்காகக் கேட்பது பக்கத்து வீட்டுப் பிள்ளை. இதையெல்லாம் ஒரே நாளில் நிறுத்தினால் பட்டினி கிடப்பாளே?

இன்னொன்று. ஆகஸ்ட் 15-க்கு மாறுவேடப் போட்டியில் அவள் பேரைச் சேர்த்துவிட்டார்கள். பாரத மாதா வேஷம், நாலு வரி பேசணும். கேட்டதிலிருந்து வயிற்றுவலி ஜாஸ்தி. பேரை எடுக்கச் சொல்லவா? எடுத்தால் அதுவும் ஒதுங்குவதுதானே?

பாமணியாறு | ஆகஸ்ட் 10, இரவு 10:00

ஒரே நாளில் நிறுத்த வேண்டாம் அக்கா. ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுக் குறையுங்கள். யேல் பல்கலைக்கழகத்தில் எலி லெபோவிட்ஸ் என்பவர் உருவாக்கிய முறையில் தெரபிஸ்ட் பெற்றோரை மட்டுமே சந்திப்பார், பிள்ளையைப் பார்ப்பதே இல்லை. வீட்டார் பிள்ளையின் பயத்துக்காகச் செய்துகொடுக்கும் சலுகைகளை எப்படிக் குறைப்பது என்பதுதான் பாடம். 124 பிள்ளைகளின் குடும்பங்களை வைத்து 2019-இல் வந்த முடிவு: பிள்ளைக்கே நேரடியாகக் கொடுத்த சிபிடிக்கு இது எந்த வகையிலும் குறைந்ததில்லை. தெரபிஸ்ட் கிடைக்காத நம் பக்கத்துக்கு இது பெரிய செய்தி என்பேன்.

மாமியார் விஷயத்திலிருந்து ஆரம்பிக்கலாம். பேர் கேட்டால் பெரியவர்கள் மனசுக்குள் ஐந்து வரை எண்ண வேண்டும். பதில் வரவில்லை என்றால், 'அப்புறம் சொல்வா' என்று பேச்சை மாற்றிவிட வேண்டும்.

வலங்கைமான் டீச்சர் | ஆகஸ்ட் 11, மாலை 5:30

அரசு தொடக்கப் பள்ளியில் ரொம்ப வருஷமா நாலாவது எடுக்கிறேன். இப்படிப்பட்ட பிள்ளைங்க என் வகுப்பில் வந்திருக்காங்க.

முதல்ல ஆகஸ்ட் 15. பாரத மாதாவை எடுத்துடுங்க. தரையில நிக்கிற பிள்ளையை மொட்டை மாடியிலயா ஏத்துவாங்க? அதுக்காக அன்னிக்கு லீவு போட்டு வீட்டிலயும் வைக்காதீங்க. நடுவுல ஒரு வேலை கொடுக்கச் சொல்லுங்க. கொடியேத்தினதும் மிட்டாய்த் தட்டைத் தூக்கிட்டு வரிசையா நீட்டணும். பேச வேண்டாம். ஆனா அத்தனை பேர் முகத்துக்கு நேரா நிக்கணும். கூட்டமாப் பாடுற பாட்டில் பின்வரிசையில் நிக்கலாம், வாய் அசைஞ்சாப் போதும்.

வகுப்பில் என்ன செய்யணும்னா, எல்லார் முன்னாடியும் எழுப்பி நிறுத்தி 'பேசு, பேசு'ன்னு கேக்கிறதை டீச்சர் நிறுத்தணும். நாங்க நல்லெண்ணத்தில்தான் செய்வோம், அதுதான் கெடுக்கும். ஆமா, இல்லைன்னு தலையாட்டிப் பதில் சொல்ற கேள்வியும் வேண்டாம், தலையாட்டியே காலத்தை ஓட்டிடுவாங்க. 'சிவப்பு க்ரேயானா, பச்சையா?'ன்னு கேட்டுட்டுக் காத்திருக்கணும். பாத்ரூமுக்கு இப்போதைக்கு ஒரு அட்டை கொடுத்துடுங்க, மேஜையில வச்சுட்டுப் போகட்டும். அடக்கிறது உடம்புக்கு ஆகாது, அதுல பிடிவாதம் பிடிக்காதீங்க.

பேச வைக்கிற வேலை பள்ளி விட்டதுக்கு அப்புறம். நாலரைக்கு மேல காலி வகுப்பில் நீங்களும் அவளும் மட்டும் உக்காந்து தாயமோ பல்லாங்குழியோ ஆடுங்க. வீட்டு மாதிரிச் சத்தமாப் பேசி ஆடட்டும். அந்தச் சுவருக்குள்ள அவ குரல் ஒரு தடவை கேக்கணும், அது முக்கியம். ரெண்டு மூணு நாள் பழகினதும் டீச்சர் வராந்தாவில் நோட்டுத் திருத்துற மாதிரி நிக்கணும். அப்புறம் வாசப்படி. அப்புறம் உள்ளே வந்து கடைசி பெஞ்சு, இவளைப் பார்க்காம. ஆட்டத்தில் சேர்றது அதுக்கும் பிறகு. குரல் நின்னுட்டா ஒரு படி பின்னாடி போயிடுங்க, கோவிச்சுக்காதீங்க. டீச்சர் சேர்ந்து விளையாடற அளவு வந்ததும் நீங்க மெல்லக் கழண்டுக்கணும்.

வீட்டில் திருக்குறள் ஒப்பிக்கிறதைப் போன்ல பதிவு பண்ணி டீச்சருக்கு அனுப்புறதும் உண்டு, அவ சம்மதிச்சா மட்டும். திருட்டுத்தனமா எடுக்காதீங்க, ஒரு தடவை கண்டுபிடிச்சுட்டா உங்களையும் நம்பமாட்டா.

குறுவை62 | ஆகஸ்ட் 11, இரவு 8:45

டீச்சரம்மா சொல்றது கோழிக்குஞ்சுக்குத் தண்ணி காட்டுற வேலையா இருக்கு. இவ்வளவு பொறுமை யாருக்கு இருக்கு? வாய்க்கால்ல தள்ளி விட்டா ஒரே நாள்ல நீச்சல் வந்துடும்னுதான் நான் இன்னமும் சொல்வேன்.

முள்ளியாறு | ஆகஸ்ட் 11, இரவு 9:05

வராம முங்கினவனும் இருக்கான் பெரியப்பா.

குறுவை62 | ஆகஸ்ட் 11, இரவு 9:20

சரி விடு. நமக்குச் சின்னதா ஒரு பெட்டிக்கடை இருக்கு. தெருப் பிள்ளை ஒருத்தி இப்படித்தான், காசை நீட்டிட்டு விரலைக் காட்டுவா. நானும் எடுத்துக் கொடுத்துடுவேன். இனிமே 'எது, கடலை மிட்டாயா, தேன் மிட்டாயா?'ன்னு கேட்டுட்டு நிக்கிறேன். கூட்டம் இல்லாதப்பதான். கூட்டம் இருந்தா நான் நிக்க முடியாது, யாவாரம் கெட்டுடும்.

வெண்ணாற்றங்கரை | ஆகஸ்ட் 12, இரவு 9:40

டீச்சர், ஹெச்எம்மைப் பார்த்தேன். பள்ளி விட்டபின் வகுப்பைத் திறந்து வைக்க ஒப்புக்கொண்டார், பாரத மாதாவையும் எடுத்துவிட்டார். மிட்டாய்த் தட்டை அவளிடம் சொன்னதும், 'யாரும் பேர் கேட்கமாட்டாங்கல்ல?' என்றாள். கேட்டாலும் சமாளிப்பாய் என்றேன். முறைத்தாள். வரும் வாரம் தஞ்சாவூர் ஓபிக்குப் போகிறோம். குழந்தை டாக்டர் எழுதிய சீட்டை எடுத்துப் போனால் போதுமா? அவள் திடீரென்று வகுப்பில் பேசிவிட்டால் என்ன செய்வது என்று அவள் டீச்சர் கேட்கச் சொன்னார்.

வார்டு சிஸ்டர் | ஆகஸ்ட் 12, இரவு 10:30

சீட்டு, ஆதார், பள்ளி நோட்டு ஒண்ணு. வீட்டில் அவ பேசி விளையாடற வீடியோ ஏதாவது அவளுக்குத் தெரிஞ்சு எடுத்தது இருந்தா அதுவும். டாக்டர் முன்னாடி அவ பேசமாட்டா, வீடியோ உதவும். சீக்கிரம் வந்து சீட்டுப் போடுங்க.

வலங்கைமான் டீச்சர் | ஆகஸ்ட் 12, இரவு 10:50

பேசினா ஒண்ணும் செய்யக் கூடாது. கை தட்டக் கூடாது, 'ஏய், பேசிட்டாடா'ன்னு யாரும் கத்தக் கூடாது, டீச்சர் கண்ணு கலங்கக் கூடாது. மத்த பிள்ளைங்க சொன்னா எப்படியோ அப்படி, 'சரி, அடுத்து'ன்னு போயிடணும். இதை வகுப்புப் பிள்ளைங்ககிட்ட முன்னாடியே சொல்லி வைக்கணும், அவ இல்லாத நேரமாப் பார்த்து. சொல்ல வேண்டியது அவங்க டீச்சர், நீங்க இல்லை.